மதுரையில் இரண்டரை நாள்: அப்பாவையும் மகளையும் எங்கெல்லாம் அழைத்துப் போகலாம்?

கிள்ளான் மகள்:

வணக்கம். நான் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். டிசம்பர் கடைசியில் அப்பாவையும் என் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு மதுரைக்கு வருகிறேன். விமானத்தில் திருச்சியில் இறங்கி, அங்கிருந்து கார். மதுரைக்கென்று கையில் இருப்பது இரண்டரை நாள்.

அப்பாவுக்கு 72 வயது. முழங்கால் வலி இருப்பதால் கால் மணி நேரம் நடந்தால் எங்காவது உட்கார வேண்டும். அவர் இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல் முறை. அவருடைய அம்மா மதுரையில் பிறந்து, கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவர். "எங்க வீடு பத்துத்தூண் பக்கம்" என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு எண் தெரியாது, சொந்தக்காரர்கள் யார் என்றும் தெரியாது. பாட்டியின் சுங்குடிச் சேலை ஒன்று மட்டும் அலமாரியில் இருக்கிறது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி.

இணையத்தில் தேடினால் "மதுரையில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கேயே வாழ்கிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். எங்கே தங்கலாம், காலையில் எங்கே பசியாறலாம், சேலை எங்கே வாங்கலாம்? மகளுக்குச் சலிப்புத் தட்டாமல் எங்கே போகலாம்? பத்துத்தூண் என்று ஓர் இடம் இன்னும் இருக்கிறதா?

மாசிவீதிக்காரர்:

வாங்கம்மா. பத்துத்தூண் என்று பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. அந்தத் தூண்களுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் 26 வருஷம் கணக்கு எழுதியவன் நான். இருக்கிறது, பத்தும் இருக்கிறது.

திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்றைக்கு மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் இடிந்து ஊருக்குள் கரைந்துவிட்டது. அப்படி இடிந்ததில் மிஞ்சியவைதான் இந்தப் பத்துத் தூண்களும். விளக்குத்தூணிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு குறுகிய சந்து, இரண்டு பக்கமும் ஜவுளிக் கடை, நடுவில் கூரையில்லாமல் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வரிசையாகத் தூண்கள். பகல் பத்து மணிக்கு மேல் போனால் துணி மூட்டையும் தள்ளுவண்டியும் டூவீலருமாக நிற்க இடமிருக்காது. அப்பாவைக் காலை ஏழரை எட்டுக்குள் அழைத்துப் போங்கள். கடைகள் பூட்டியிருக்கும், யாராவது வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தூணில் சாய்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பாட்டி சொன்ன வீடு இப்போது கடையாகியிருக்கும். தூண் அதே தூண்தான்.

தங்குவதற்குக் கோயிலைச் சுற்றியே பாருங்கள். பைபாஸ் பக்கம் பெரிய ஓட்டல்கள் வசதியானவைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஊருக்குள் வந்து போவதிலேயே அப்பா களைத்துவிடுவார். மேலமாசி வீதிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் நிறைய விடுதிகள் இருக்கின்றன. லிப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள். பகலில் இரண்டு மணி நேரம் அறைக்குத் திரும்பிப் படுக்க முடிந்தால் இந்த ஊர் உங்களுக்குப் பிடித்துப்போகும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள், நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பலரும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்து, சுடுகிற கல்லில் செருப்பில்லாமல் நின்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தெருக்களின் கணக்கு மகளுக்குப் பிடிக்கும். கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி. ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போகும். கடைசியாக வெளி வீதிகள். கோட்டைச் சுவர் இருந்த காலத்தில் அதுதான் ஊருக்கு வெளி. 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டையை இடித்து ஊரை அகலப்படுத்தினார். அவர் நினைவாக வைத்த விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். வழி தவறினால் இப்போது எந்த மாதத்தில் நிற்கிறோம் என்று மகளைக் கேளுங்கள். மாதம் உள்ளே போகப்போகக் கோயில் வந்துவிடும்.

நீங்கள் வருவது மார்கழி. ஒரு நாளாவது ஐந்து மணிக்கு எழுந்துவிடுங்கள். வீதிகளில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், நல்ல பனி இருக்கும், அப்பாவுக்கு ஒரு துண்டு கொண்டு வாருங்கள். ஆனால் அது ஐயப்ப பக்தர்கள் வரும் காலமும்கூட. பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். சனி ஞாயிறில் தரிசன வரிசை அப்பாவின் காலுக்கு ஆகாது. வார நாளில் அதிகாலையில் போங்கள். செல்போன் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் யாராவது பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படி நல்ல இடம். அப்பா அங்கே உட்காரட்டும். சுற்றி மண்டபச் சுவரில் திருக்குறளைப் பளிங்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள், உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

முக்குறுணிப் பிள்ளையாரை மகளுக்குக் காட்டுங்கள். வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்தவர் என்பார்கள். விநாயகர் சதுர்த்திக்கு மூன்று குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் ஒரே ஒரு கொழுக்கட்டை செய்து வைப்பார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், இரவு பள்ளியறை பூஜையைத்தான் சொல்வேன். ஒன்பது மணிக்கு மேல் சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்கு எடுத்து வருவார்கள். நாதஸ்வரம் முன்னே போகும். சாம்பிராணிப் புகை, பிரகாரத்தில் பாதி வெளிச்சம். பகலில் இருந்த நெரிசல் அடங்கியிருக்கும். எனக்கு வயது 61, எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பல்லக்கு திரும்பும்போது இப்போதும் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். காலையில் இட்லி, கூடவே நாலைந்து சட்னி. கோயிலைச் சுற்றி எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் கையில் தட்டோடு நிற்கிறார்களோ அங்கே போங்கள். மத்தியானம் அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் தல்லாகுளம் பக்கத்து மெஸ்கள், அயிரை மீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். சாயங்காலம் மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். மகள் இரண்டாவது கேட்பாள். அப்பாவுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள். பருத்திக் கொட்டையை அரைத்துப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சித் தள்ளுவண்டியில் சுடச்சுடத் தருவார்கள், பனிக்கு அவ்வளவு இதமாக இருக்கும். உங்கள் பாட்டி இதைக் குடித்துத்தான் வளர்ந்திருப்பார். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துப் பூரி மாதிரி எண்ணெயில் போட்டு எடுப்பதும் சாயங்காலத் தள்ளுவண்டியில்தான் கிடைக்கும், பச்சை நிறமாக இருக்கும், மேலே பொடி தூவித் தருவார்கள். ராத்திரிக்குச் சிம்மக்கல் கோனார் கடைக் கறிதோசை. தடித்த தோசைமேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. மூன்று பேருக்கு இரண்டு போதும்.

சேலையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

திருநகர் டீச்சர்:

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையை இரண்டரை நாளும் தெருவிலும் கோயிலிலும் வைத்திருக்க முடியாது. ஒரு காலை சமணர் மலைக்குக் கொடுங்கள். கீழக்குயில்குடி, எங்கள் திருநகரிலிருந்து பக்கம்தான். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், விழுது விட்ட ஆலமரங்கள். தாத்தா மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளட்டும், நீங்களும் மகளும் பாறையில் வெட்டிய படிகளில் ஏறுங்கள். பாதி வழியில் பேச்சிப்பள்ளம் என்று ஒரு சுனை. அதையொட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கும், கீழே வட்டெழுத்தில் பெயர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தையவை. என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது ஒரு பையன் அந்த எழுத்தைத் தரையில் சுள்ளியால் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தான், இறங்கவே மனமில்லை அவனுக்கு. ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சூடேறிவிடும். தண்ணீர் கையில் கொண்டு போங்கள், மேலே எதுவும் கிடைக்காது.

இன்னொரு அரை நாள் கீழடி. 2023-ல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். மண்ணிலிருந்து எடுத்த பகடைக்காய், சூதுபவள மணி, நூல் நூற்கும் தக்களி எல்லாம் இருக்கின்றன. பானை ஓட்டில் "ஆதன்" என்று தமிழி எழுத்தில் கீறியிருப்பதை மகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். 2,500 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தன் பானையில் பெயர் எழுதி வைத்திருக்கிறார், நாம் டிபன் பாக்ஸில் எழுதுகிற மாதிரி. பிள்ளைகளுக்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

நேரம் போதவில்லை என்றால் மகாலை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தெப்பக்குளத்தை விடவேண்டாம். சாயங்காலம் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே சுண்டல் சாப்பிடலாம், அப்பாவுக்கு நடையே இல்லை.

மாசிவீதிக்காரர்:

டீச்சர், மகாலை விடச் சொல்லாதீர்கள். முற்றத்தில் நின்று அந்தத் தூண்களைப் பார்த்தால்தான் பத்துத்தூண் எந்த வீட்டின் பகுதியாக இருந்தது என்று அவருக்குப் புரியும். முக்கால் மணி நேரம் போதும். மற்றபடி சமணர் மலையைச் சொன்னதற்கு நன்றி, அது எனக்குத் தோன்றவில்லை.

ஈரோட்டுப் பயணி:

போன வருஷம் நான் பட்டதைச் சொல்கிறேன். கோயில் வாசலில் ஒருவர் நல்லபடியாகப் பேசி, "எங்கள் கடை மாடியிலிருந்து நாலு கோபுரமும் தெரியும், காசு வேண்டாம், வந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். தெரிந்தது உண்மைதான். இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் கதவை மூடிக்கொண்டு சால்வை, விளக்கு, கம்பளம் என்று விரித்துக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் போயிற்று, என் மனைவி சங்கடப்பட்டு வேண்டாத பொருள் ஒன்றை வாங்கினார். வயதானவரோடு போகும்போது மாடி ஏறவே ஏறாதீர்கள். ஆட்டோக்காரர் தானாக ஒரு சேலைக் கடையைச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிள்ளான் மகள்:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பருத்திப்பால் என்றதும் "அம்மா சொல்வாங்க, அம்மா சொல்வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணே, சேலை விஷயம் எழுதுகிறேன் என்றீர்களே? பாட்டியின் சேலையைக் கொண்டு வருகிறேன். அதே மாதிரி ஒன்று வாங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

மாசிவீதிக்காரர்:

எழுதுகிறேன் தங்கச்சி.

சுங்குடி என்று இன்று கடையில் தொங்குவதில் முக்கால்வாசி அச்சு. மெழுகில் அச்சை முக்கித் துணியில் ஒற்றிச் சாயம் போடுவது. அதுவும் நல்ல பருத்திதான், வெயிலுக்குக் கட்ட நன்றாகவே இருக்கும், வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பாட்டியின் சேலை அந்தக் காலத்தது, கைமுடிச்சாகத்தான் இருக்க வேண்டும். சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து போடும் முடிச்சு அது. துணியை மடித்துக்கொண்டு, நகத்தால் நுனியை மட்டும் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுப்பார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதன் பிறகுதான் சாயம். காய்ந்ததும் துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும், நூல் சுற்றிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும்.

பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சேலையை வெளிச்சத்தில் பிடித்து ஒரே ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். கிள்ளிய நுனி நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதில் மட்டும் சாயம் ஏறியிருக்கும். அதனால் வெள்ளைக்கு நடுவே ஊசிமுனை அளவில் சிவப்பு தெரியும். பக்கத்துப் புள்ளியோடு ஒப்பிட்டால் ஒன்று கொஞ்சம் கோணலாக, ஒன்று சிறியதாக இருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும், ஒரு சாணுக்கு ஒரு முறை அதே வரிசை திரும்ப வரும். புதுச் சேலையானால் இன்னும் சுலபம், முடிச்சு இருந்த இடம் சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். இஸ்திரி போட்டு விற்கமாட்டார்கள், அந்தச் சுருக்கம்தான் அத்தாட்சி.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கைமுடிச்சுப் போடுகிறவர்கள் குறைந்துகொண்டேதான் வருகிறார்கள். தெற்கு மாசி வீதியிலும் விளக்குத்தூண் சுற்றிலும் கடை கடையாக ஏறி "கைமுடிச்சு இருக்கா?" என்று கேளுங்கள். சுங்குடி என்று பொதுவாகக் கேட்டால் அச்சைத்தான் எடுத்துப் போடுவார்கள். அச்சைவிட விலை கூடுதலாக இருக்கும். அதில் பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிச்சுப் போட்ட பெண்ணுக்குக் கிடைப்பது ஏற்கெனவே சொற்பம்.

கிள்ளான் மகள்:

ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. நீங்கள் சொன்னபடியே போனோம், முழுக்கதையையும் எழுத வேண்டும்போல் இருக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பத்துத்தூணுக்கு ஏழே முக்காலுக்குப் போய்விட்டோம். அப்பா எதுவும் பேசவில்லை. ஒரு தூணைக் கையால் அணைத்துப் பார்த்தார், பாதிகூட எட்டவில்லை. அப்புறம் மகளைத் தூணின் மறுபக்கம் போய் நிற்கச் சொன்னார். "எங்க அம்மா இதுக்குப் பின்னால்தான் ஒளிஞ்சு விளையாடுவாங்களாம்" என்றார். இதை அவர் எங்களிடம் அதற்கு முன் சொன்னதே இல்லை. டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டார், காசு வாங்கவில்லை.

சமணர் மலையில் மகள் எனக்கு முன்னால் ஏறினாள். பேச்சிப்பள்ளத்தில் எட்டு உருவங்களை எண்ணினாள். கீழடியில் "ஆதன்" படித்தாள். நேற்று அவளுடைய தண்ணீர்ப் புட்டியில் தமிழி எழுத்தில் தன் பெயரை ஒட்டியிருக்கிறாள். டீச்சருக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள். மகாலும் போனோம் அண்ணே, அப்பா அங்கே ஒரு மணி நேரம் இருந்தார்.

பள்ளியறை பூஜைக்கு இரண்டு இரவும் போனோம். இரண்டாம் நாள் வாசலில் மல்லிகை வாங்கினேன். மார்கழியில் வரத்து குறைவு, விலை ஏறிக் கிடக்கிறது என்று பூக்கார அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். தன் முழங்கையில் வைத்து இரண்டு முழம் அளந்தவர், அப்பாவைப் பார்த்துவிட்டு இன்னும் அரை முழம் விட்டு அறுத்தார். அறையில் வைத்த பூ மறுநாள் மதியம் வரைக்கும் மணந்தது.

சேலை நான்காவது கடையில் கிடைத்தது. பாட்டியின் சேலையைப் பிரித்ததும் அங்கிருந்த பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். நீங்கள் சொன்ன ஊசிமுனைச் சிவப்பை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். "இவ்வளவு நெருக்கமா இப்ப யாரும் கட்டுறதில்லம்மா" என்றார். அரக்கு நிறத்தில் கைமுடிச்சு ஒன்றுதான் இருந்தது, புள்ளி கொஞ்சம் இடைவெளி விட்டது. அப்பா அதையே எடுக்கச் சொன்னார். பேரம் பேசவில்லை.

இப்போது ஒரு கேள்வி. அதை இன்னும் நனைக்கவில்லை. சாயம் போகுமா? எப்படித் துவைப்பது?

மாசிவீதிக்காரர்:

படித்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன் தங்கச்சி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முதல் தடவை பச்சைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டு அரை மணி நேரம் தனியாக ஊற வையுங்கள். சிவப்பு கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று தடவையில் நின்றுவிடும். சோப்புத்தூள், பிரஷ், மிஷின் எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் அப்படியே தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். பாட்டியின் சேலையோடு சேர்த்து நனைத்துவிடாதீர்கள், அதன் வெள்ளையில் சிவப்பு ஏறிவிடும். பழைய சேலையை வருஷத்துக்கு இரண்டு முறை பிரித்து வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே நூல் விட்டுப்போகும்.